பின்பக்கத்துக்கும் நூல் வேண்டும்

கீழ்பென்னாத்தூரில் மகளிர் குழுவினருக்குச் சமீபத்தில் ஒரு தையல் பயிற்சி நடந்தது. அனுபவஸ்தர் ஒருவர் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய பயிற்சியாளர் திரையில் ஒரு வரி போட்டுக் காட்டினார்: "நூல் சேதத்துக்கு முதல் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு." முன்வரிசைப் பெண்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் பேச வந்ததெல்லாம் மறந்துபோனது. மைக்கைப் பிடித்து, "எழுதினத அடிங்கம்மா" என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் டீ வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் பூங்காவனம். அடி அண்ணாமலைக்காரி. எண்பத்தொன்பதில் செங்கம் ரோட்டில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து எம்பிராய்டரி கூடம் ஒன்று தொடங்கினார்கள். வெளிநாட்டு வியாபாரி படம் அனுப்புவார், நாங்கள் தைத்துக் கொடுப்போம். பத்தாவதில் தேறாத நான் தைக்கத்தான் சேர்ந்தேன். மூன்று வருடம் தைத்தேன், கழுத்து வலி வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது, ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதிலிருந்து ஓய்வு பெறும்வரை துணிக்கும் நூலுக்கும் ஊசிக்கும் நான்தான் பொறுப்பு. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி குத்திய கதை எல்லாரிடமும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிராஸ் ஸ்டிச் என்பது கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில், கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுப் படத்தை வரவழைக்கிற தையல். நாங்கள் அதை இன்டூ என்போம். "இன்னிக்கு எத்தினி இன்டூ போட்ட?" என்றுதான் சாயங்காலம் கேட்டுக்கொள்வோம். பெரிய படம் என்றால் லட்சம் இன்டூ, அறுபது கலர். நூல் ஒரு கட்டு எட்டு மீட்டர், ஆறு இழை. அதை இரண்டிரண்டு இழையாகப் பிரித்துத் தைக்க வேண்டும். துணியும் நூலும் வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரும். ஒரு கட்டு குறைந்துவிட்டால் மறுபடி வர ஒன்றரை மாதம் ஆகும். அப்படி வருகிற கட்டும் சாயத்தில் கொஞ்சம் மாறியிருக்கும், வானத்துக்கு நடுவே கோடு போட்டது போல் தெரியும். சரி, ஜாஸ்தியாக வரவழைப்போம் என்றால் மிஞ்சியது பெட்டியிலேயே கிடக்கும். கூலியைவிட நூலுக்குத்தான் அங்கே பணம் போனது. நூலை அளந்து தருகிறவள் தப்பு செய்தால் கூடமே ஆட்டம் காணும்.

எங்கள் மேலாளர் வரதராஜன் சார். முன்பு ஒரு நூல் ஆலையில் ஸ்டோர் அதிகாரியாக இருந்தவர். அவரைக் குறை சொல்லத்தான் போகிறேன், அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத மனிதர். புதுப் படம் வந்தால் கையைக் கழுவி, தன் துண்டில் துடைத்து, மேசையையும் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் வரைபடத்தை விரிப்பார். கலர் வாரியாகக் கட்டங்களை எண்ணுவார். ஒரு கட்டு நூலில் ஆயிரத்தெழுநூறு இன்டூ வரும் என்பது அவர் கணக்கு. வகுப்பார், மேலே கொஞ்சம் சேர்ப்பார், வந்த எண்ணைப் பென்சிலால் வட்டம் போடுவார். வட்டம் போட்டுவிட்டால் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு கட்டு வாங்கினாலும் தைக்கிற பெண்ணின் கூலியில் பிடிப்பார்கள். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எல்லாரையும் "அம்மா" என்பார். கோபம் வந்தால் "மேடம்" என்பார். அந்த மேடம் காதில் விழுந்தால் அவரவர் தலை தானாகத் தையலில் குனிந்துவிடும்.

ஸ்டோருக்கு வந்த புதிதில் அவரோடு எனக்கு நடந்த முதல் மல்லுக்கட்டு பச்சை நூலால் வந்தது. ஒரு தோட்டப் படம், பதினாலு பச்சை. அதில் ஒரு பச்சைக்கு மொத்தமே பதினோரு இன்டூ. அதற்காக ஒரு முழுக் கட்டு வாங்கச் சொன்னார்.

"பதினோரு இன்டூக்கு ஒரு கட்டா சார்? பக்கத்து பச்சையில போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"வரைஞ்சவங்களுக்குத் தெரியும்மா."

நான் விடவில்லை. இரண்டு பச்சையிலும் ஒரு துண்டுத் துணியில் தைத்து, டியூப் லைட்டுக்குக் கீழே காட்டினேன். வெளியே வெயிலில் காட்டினேன். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்தப் படத்தில் மட்டும் ஐந்து கலரைக் குறைத்தோம். அதன் பிறகு எந்தப் படம் வந்தாலும், "பாருங்கம்மா, எதெல்லாம் சேர்க்கலாம்?" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில், அடுத்து வந்த ஒரு குழந்தைப் படத்தில் கன்னத்துக்கான இரண்டு ரோஸைச் சேர்த்துவிட்டேன். அவரும் கையெழுத்துப் போட்டார். தைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் குழந்தைக்கு அம்மை போட்டது போல இருந்தது. படம் திரும்பி வந்துவிட்டது. மூன்று மாத உழைப்பு போனது. இலை பொறுத்துக்கொள்ளும், முகம் பொறுக்காது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த நஷ்டத்தை யார் சம்பளத்திலும் பிடிக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு ஏற்பாடும் நான் செய்ததுதான். ஒவ்வொரு ஊசி நூலும் முடியும்போது ஒரு துணுக்கு மிஞ்சும், அதற்கு வால் என்று பெயர். வெட்டிக் கீழே போட்டுவிடுவார்கள், பெருக்குகிறவள் அள்ளிக் கொண்டுபோவாள். எனக்கு அது உறுத்தியது. ஆளுக்கு ஒரு காலி பவுடர் டப்பா கொடுத்து, வாலையெல்லாம் அதில் போடச் சொன்னேன். "இத்த வச்சு இன்னாக்கா பண்ணப் போற, தலகாணி தைக்கப் போறியா?" என்று கிண்டல் செய்தார்கள். எங்கே எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அப்புறம்தான் பனிப் படம் வந்தது.

ஒரு மர வீடு, பின்னால் ஊசியிலைக் காடு, கருநீல வானம், வானம் முழுக்க விழுகிற பனி. எங்களில் ஒருத்தியும் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. மார்கழி விடியலில் மலைமேல் நிற்கிற மூட்டம்தான் எங்களுக்குத் தெரிந்த பனி. இந்தப் படத்தில் பனிக்கு மட்டும் ஏழு வெள்ளை. ஒன்று நீலம் பாய்ந்தது, ஒன்று சாம்பல் பாய்ந்தது, இப்படி. சுத்த வெள்ளை என்பது முதல் வெள்ளை. அது கூரைமேல் படிந்த பனிக்கும், வானத்தில் விழுகிற புள்ளிகளுக்கும். புள்ளி ஒன்றுக்கு ஒரே ஒரு இன்டூ. இரண்டாயிரத்துக்கு மேல் புள்ளிகள். கூரையையும் புள்ளியையும் கூட்டி, வகுத்து, முதல் வெள்ளைக்கு நான்கு கட்டு என்று சார் வட்டம் போட்டார்.

படத்தைச் செல்வியிடம் கொடுத்தோம். கூடத்திலேயே சுத்தமான கை அவளுடையது. இருபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை, கணவன் வேலை தேடிப் போன இடத்திலிருந்து வரவில்லை. அவள் அம்மா கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே பூக்கூடை வைத்து வியாபாரம் செய்தாள். செல்வியின் கூலியில்தான் வீடு ஓடியது.

நான்கு கட்டும் பாதிப் படத்திலேயே தீர்ந்துவிட்டது. வேறு படத்துக்கு வந்திருந்த அதே வெள்ளையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடி கேட்டாள், கொடுத்தேன். ஏழு மாதத்தில் படம் முடிந்தபோது முதல் வெள்ளை மட்டும் பதினைந்து கட்டு போயிருந்தது. மற்ற எல்லாக் கலரும் வட்டத்துக்குள்தான் இருந்தன.

சார் என்னையும் செல்வியையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"பதினோரு கட்டு எங்கேன்னு மட்டும் சொல்லிடுங்க, மேடம்." செல்வியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"படத்துலதான் சார் இருக்குது."

"உங்க அம்மா பூக்கடைதானே வச்சிருக்காங்க?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. மற்ற கலர் எதுவும் குறையவில்லை, வெள்ளை மட்டும் குறைகிறது, வெள்ளை நூலில் பூக் கட்டலாம். அவர் போட்ட கணக்கு அது.

"சார், நீங்க பூ கட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றேன். "இந்த நூலு பட்டு மாதிரி வழுக்கும். முடிச்சே நிக்காது. மல்லி, கனகாம்பரம், எத்த வச்சாலும் ஒரு முழம் தேறாது. பூக்காரி வீட்டுல இந்த நூலக் குடுத்தா தூக்கிப் போட்டுடுவாங்க."

"அப்ப வேற எங்கேயாவது போயிருக்கும். திங்கக்கிழமை முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் இவங்க வர வேணாம்."

வெளியே வந்ததும் செல்வி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். எங்களுடையது அவ்வளவு பெரிய ஊர் இல்லை. செங்கம் ரோட்டில் திருடி என்று பெயர் வாங்கினால் ராஜகோபுரத்துக்கு அந்தப் பெயர் நமக்கு முன்னால் போய்ச் சேரும். அப்புறம் அவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவாள்?

அன்று பனிப் படத்தை ஸ்டோரில் விரித்துப் போட்டு, திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தை நாங்கள் தினமும் பார்ப்பவர்கள்தான், முடிச்சு இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா என்று. நூல் செலவுக்காக அதைப் பார்த்ததில்லை. கூரையில் ஒன்றும் வித்தியாசம் இல்லை, வரிசையாகப் போகிற தையல். வானத்தில்தான் விஷயம் இருந்தது. ஒரு பனிப்புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு கட்டம், பத்துக் கட்டம். வெள்ளை நூலைப் பின்னால் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனால் கருநீலத்தின் துளைகள் வழியாகப் பளிச்சென்று தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் தனியாகத் தொடங்கி, தனியாக முடித்து, இரண்டு முனையையும் பக்கத்துத் தையலுக்கு அடியில் செருகி, வாலை வெட்ட வேண்டும். முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் நூல் தெரிகிற புள்ளிக்குப் பின்பக்கமும் வாலுமாகப் பத்து சென்டிமீட்டர் போயிருந்தது. சார் எண்ணியது முன்பக்கத்தை மட்டும்.

இதைச் சொன்னால் அவர் நம்ப மாட்டார். அவருக்கு எண் வேண்டும். நூல் துணியில் இருந்தால் துணிக்கு எடை இருக்கும், வால் டப்பாவுக்கும் எடை இருக்கும். நிறுத்துப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் நூலை நிறுக்க மளிகைக்கடைத் தராசு ஆகாது, தங்கம் நிறுக்கிற தராசு வேண்டும். வாடிக்கையாளர் படத்தைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எழுதி மாட்டியிருந்த விதி. சார் சனிக்கிழமை சென்னைக்குப் போய்விட்டார். ஸ்டோர் சாவி என்னிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் டவுன் பஸ்ஸை மதியமே நிறுத்திவிட்டார்கள். படத்தை வெளுத்த வேட்டியில் சுற்றி, அதே அளவு வெறும் மேட்டி துணி ஒன்று, செல்வியின் பவுடர் டப்பாக்கள் மூன்று, மிச்ச நூல், காகிதம் கழற்றிய புதுக் கட்டு பத்து, எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைத்து நானும் அவளுமாக நடந்தோம். ஜனமெல்லாம் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. யாராவது எண்ணெய்க் கையால் வேட்டியைத் தொட்டுவிடுவார்களோ என்று படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

தேரடி வீதியில் எனக்குத் தெரிந்த ஒரு நகைக்கடைக்காரர் இருந்தார். என் தோட்டை அவரிடம்தான் செய்தேன்.

"இன்னாம்மா, வேட்டில சுத்தி கொண்டாந்திருக்க? நகையா?"

"நூலுங்க. நிறுக்கணும்."

சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். "பொண்ணு பேருல பழியா? கொண்டா" என்று வேறு வாடிக்கைக்காரர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். பத்துக் கட்டை நிறுத்து ஒரு கட்டின் எடையை எடுத்தோம். வெறும் துணி, தைத்த துணி, வால், மிச்சம், ஒவ்வொன்றாக நிறுத்து அவரே சீட்டில் எழுதிக் கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். நான் கொடுத்திருந்த எல்லாக் கலர் கட்டுகளையும் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். காணாமல் போன பதினொன்றில் ஒன்பது கட்டு துணியிலும் டப்பாவிலும் இருந்தது.

இரண்டு கட்டு இல்லை.

செல்வியைப் பார்த்தேன். அவள் தராசைப் பார்க்காமல் டப்பாக்களைக் கூடையில் அடுக்கத் தொடங்கினாள். கடையை விட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கூர வெள்ள போட்டேன் இல்ல, அப்ப டெய்லி மத்தியானம் கரண்ட்டு போச்சு. பிரேம ஜன்னல் பக்கம் திருப்பி வச்சிக்கினு தச்சேன். மேல் கால் எல்லாம் எதிர்ப்பக்கமா சாஞ்சிடுச்சுக்கா. நாலு நாள் கழிச்சுதான் பாத்தேன். எல்லாத்தையும் பிரிச்சேன். பிரிச்ச நூல டப்பால போட்டா நீ கண்டுபுடிச்சிடுவேன்னு வீட்டு அடுப்புல போட்டுட்டேன்."

இன்டூவில் மேலே விழுகிற கால் படம் முழுக்க ஒரே பக்கம் சாய வேண்டும். துணியை மாட்டிய பிரேமைத் திருப்பினால் சாய்வும் திரும்பிவிடும், வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் வேறாகப் பளபளக்கும். எல்லாக் கையும் என்றாவது ஒரு நாள் செய்கிற தப்புதான் அது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாளே என்று என்மேலும் வந்தது.

"சார் கிட்ட சொல்ல வேணாம்க்கா. ரெண்டு கட்ட நீ ஏதாச்சும் சொல்லி சமாளிச்சிடு."

"சமாளிச்சா அந்த ஒன்பது கட்டும் பொய்யாப் போயிடும். நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

திங்கட்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டுதான் அறைக்குள் போனேன். முத்திரை போட்ட சீட்டை மேசைமேல் வைத்தேன். சார் படித்தார். கையைக் கழுவி, துடைத்து, படத்தைத் திருப்பிப் போட்டுப் பத்துப் புள்ளிகளுக்குப் பின்னால் ஸ்கேல் வைத்து அளந்தார். தானே ஒரு தாளில் கணக்குப் போட்டார். அரை மணி நேரம் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பிறகு இரண்டு என்ற எண்ணுக்கு வட்டம் போட்டு, "இது?" என்றார்.

செல்வி சொன்னாள். அடுப்பில் போட்டதுவரை ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"அப்ப கவனக்குறைவுதானே, மேடம்? இதுக்குப் பிடிக்கலாம் இல்லையா?" இந்த மேடம் எனக்கு.

"கரண்ட்டு போச்சு சார், வெளிச்சத்துக்குத் திருப்புனா. கரண்ட்டு போறது உங்க வட்டத்துக்குள்ள எங்க இருக்குது?"

நான் நிறுத்தவில்லை.

"கொழந்த கன்னத்துல நான் பண்ண தப்புக்கு ஒரு படமே போச்சு. அதுல உங்க கையெழுத்தும் இருந்துச்சு. அப்ப யார் சம்பளத்துல புடிச்சோம் சார்? நாம தப்பு பண்ணா அனுபவம், இவ பண்ணா திருட்டா? பிரிக்கிறதுக்கும் நூலு வேணும் சார். பின்பக்கத்துக்கும் நூலு வேணும். தப்பே பண்ணாத கை ஒண்ணு இருந்தா காட்டுங்க, உங்க கணக்குக்கு அது தைக்கட்டும்."

அந்த அறையில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசியதில்லை. வெளியே ஊசிகள் நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது. சார் கூலியில் பிடிக்க எழுதி வைத்திருந்த தாளின் குறுக்கே ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டார். "நீங்க போய்த் தைக்கலாம்மா" என்று செல்வியிடம் சொன்னார். அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள், பத்து வருடம் அங்கேயே இருந்தாள். அடுத்த படத்திலிருந்து அவர் மதிப்பீட்டுத் தாளில் பென்சிலால் கூடுதலாக ஒரு கட்டம் முளைத்தது. அதில் தனித்தனிப் புள்ளிகளுக்கு வேறு கணக்கு, பிரிப்பதற்கு நூற்றுக்கு ஐந்து. அதற்குப் பிறகு நூலும் முன்பைவிடக் குறைவாகத்தான் வீணானது. பயம் போனதும் தப்பை முதல் நாளே வந்து சொன்னார்கள், நான்கு நாள் தைத்துவிட்டுப் பிரிக்கவில்லை. திரையில் வரி போடுகிறவர்கள் இதைப் போடலாம்.

அன்று செல்வி போன பிறகு சார் என்னை மட்டும் நிற்கச் சொன்னார்.

"படத்தை வெளியே கொண்டுபோனது விதிப்படி தப்பு. மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க, மேடம்."

அதில் அவர் சொன்னது சரி. ஒரு தாள் வாங்கி அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "ஐயா, வாடிக்கையாளர் படத்தை அனுமதி இல்லாமல் வெளியே எடுத்துச் சென்றேன். அது தவறு. மன்னிக்கவும். இனி ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்வதற்கு முன் இங்கேயே நிறுத்துப் பார்க்க ஒரு தராசு வாங்கித் தரவும். தராசு வரும்வரை, தேவைப்பட்டால் மறுபடியும் எடுத்துச் செல்வேன். இப்படிக்கு, பூங்காவனம், ஸ்டோர்."

இரண்டு முறை படித்தார்.

"இது மன்னிப்புக் கடிதமா?"

"மன்னிக்கவும்னு எழுதி இருக்குதே சார்."

கடிதத்தைக் கோப்பில் வைத்தார்.

தராசு வரவில்லை. வரதராஜன் சாரும் வாங்கவில்லை, அவருக்குப் பின்னால் வந்த மேலாளரும் வாங்கவில்லை. நானும் எழுதிக் கொடுத்த வார்த்தையை மீறவில்லை. ஓய்வு பெறுவதற்குள் இன்னும் இரண்டு முறை, இரண்டு பெண்களுக்காக, படத்தை வேட்டியில் சுற்றிக்கொண்டு தேரடி வீதிக்குப் போய் வந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.